நீ வரைந்த இடப்பக்கக் கதவு

பட்டறைக் காகிதத்தில் எண்ணெய் வாசனை அடிக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு முன் உன் வீட்டுக்காரர் காதர் அண்ணன் கொண்டுவந்து கொடுத்த சுருளில் நாப்தலின் உருண்டை வாசனை அடித்தது. உன் இரும்பு அலமாரியைத் திறந்தால் முகத்தில் வந்து மோதுமே, அதே வாசனை. சுருளைப் பிரிக்கும் முன்னேயே, நீதான் மாடிப்படி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு வாசலில் நிற்கிறாய் என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். அப்போது நீ போய் ஐந்து மாதம்.

"அவ உடுப்பையெல்லாம் இல்லாதவங்களுக்குக் குடுத்துடலாம்னு எடுத்தேன் தங்கச்சி. அடித்தட்டுலே, விரிச்ச பேப்பருக்குக் கீழே இது கெடந்துச்சு. உன் கைவேலைதானே, உன்கிட்டயே இருக்கட்டும்னு கொண்டாந்தேன்" என்றார் அண்ணன்.

"என்கிட்டே குடுக்கச் சொன்னாளா அண்ணே?"

"இல்லையேம்மா. அவ ஒண்ணும் சொல்லலையே."

டீயைக் குடித்துவிட்டு அவர் போய்விட்டார். நான் சாப்பாட்டு மேசையில் தாளை விரித்து, நான்கு மூலையிலும் மீனாவின் பாடப்புத்தகங்களை வைத்தேன். இரண்டாவது தாள். எண்ணெய் கொட்டி வீணாகிவிட்டது, எரித்துவிட்டோம் என்று நீ சொன்ன தாள். அதில் ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லை.

அன்றே உனக்கு எழுத உட்கார்ந்தேன். முதல் வரியே வசையாக வந்தது, கிழித்துப் போட்டேன். அப்புறமும் பல முறை கிழித்தேன். இப்போதும் வசை ஓய்ந்துவிடவில்லை. ஆனால் மீனா பள்ளிக்கூடம் போயிருக்கும் இந்த மூன்று மணி நேரத்தில் ஒரு ஒழுங்காகச் சொல்லிவிட முடியும் என்று தோன்றுகிறது. நடந்தது எதுவும் உனக்குத் தெரியாததல்ல. எனக்குத் தெரியாமல் இருந்தது என்ன என்பதும் உனக்குத்தான் தெரியும்.

நாம் இரண்டு பேரும் ஒன்றாகச் சேர்ந்து ஒன்றாக வீட்டில் உட்கார்ந்தவர்கள். முதல் வருஷம் பௌதிகம் படிக்கும்போதே, மாணவர் போராட்டத்துக்குப் பயந்து பர்மிய அரசாங்கம் பல்கலைக்கழகத்தை மூடிவிட்டது. மறுபடி திறந்தபோது நீ கல்யாணமாகி அலோனில் பட்டறைக்காரர் மனைவி ஆகியிருந்தாய். நான் விடாமல் படித்து முடித்தேன். மூடிக்கிடந்த வருஷங்களில் டவுனில் ஒரு மாடியறையில் இயந்திரப்படம் வரையச் சொல்லிக்கொடுத்தார்களே, அங்கே என்னை இழுத்துக்கொண்டு போனதே நீதான். உனக்கு நேர்கோடு வராது. ஸ்கேலை வைத்துப் போட்டாலும் கடைசியில் வால் முளைக்கும். "கோடு நீ போடு, பேச்சு நான் பேசுறேன். ரெண்டும் சேந்தா ஒரு இன்சினீரு" என்பாய். அதுவே தொழிலாகிவிட்டது. மீனா பிறந்தபின் நான் க்யிம்யிண்டைங் சந்தைக்குப் பின்னால் இருக்கும் இந்த மாடி வீட்டை விட்டு அசைய முடியவில்லை. என் வீட்டுக்காரர் கப்பலில் போனால் பத்து மாதம். நான் இங்கே கறுப்புப் பென்சிலால் வரைவேன். நீ தாளைப் பட்டறைக்கு எடுத்துப்போவாய். வேலை நடக்கும்போது ஏதாவது மாற்ற வேண்டியிருந்தால் இங்கே ஓடிவந்து கேட்பாய், நான் சொல்வேன், நீ திரும்பிப் போய் அதே தாளில் நீலப் பென்சிலால் குறிப்பாய். நீலம் இருந்தால் அது நான் சொன்னது. பட்டறையில் வெல்டிங் செய்பவர்கள்வரை அத்தனை பேருக்கும் அது தெரியும். நீலக் கோட்டை யாரும் கேள்வி கேட்டதில்லை.

அந்தக் குட்டிக் காரைப் பற்றி நீ சொல்ல வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. கையில் மீன்குழம்பு மணக்கும் மொஹிங்காப் பொட்டலம். உள்ளே வரும்போதே சிரிப்பு.

"ஏ இன்சினீரு, ஒரு காருக்குப் படம் போடணும். பெரிய வண்டி வாலைப் புடிச்சுக்கிட்டே போற காரு."

"அதுக்கு எதுக்குடீ காரு? தள்ளுவண்டி போதுமே."

"தள்ளுவண்டியிலே டோ மியா ஏற மாட்டாங்க. அவங்க உடம்பைப் பாத்திருக்கியா நீ?"

டோ மியாவின் கணவர் ஊ சான், கப்பலில் எஞ்சின் பார்த்தவர். ஓய்வு பெற்றதும் ஜப்பானிலிருந்து வந்த பழைய பஸ் ஒன்றை வாங்கி, இருக்கைகளைப் பிடுங்கிப் போட்டு, உள்ளே கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்து வீடாக்கியிருந்தார். பக்கவாட்டில் ஜப்பான் எழுத்து அப்படியே இருந்தது. கப்பல் அறையில் தூங்கிப் பழகியவருக்கு ஆடாத வீட்டில் தூக்கம் வரவில்லை என்று நீ சொன்னாய். மனைவியைக் கூட்டிக்கொண்டு நாட்டிலிருக்கும் பகோடா ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் அவ்வளவு பெரிய பஸ் எந்த ஊர்ச் சந்துக்குள்ளும் நுழையாது. அதனால் பின்னால் ஒரு சின்னக் கார் வேண்டும், பஸ்ஸை ஊர் எல்லையில் நிறுத்திவிட்டு அதைக் கழற்றிக்கொண்டு போய்வர. வெளிநாட்டுத் துறைமுகத்தில் அப்படிப் பார்த்திருக்கிறாராம். "நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே வரும்" என்று அவர் கையை ஆட்டிக் காட்டியதை நீ எனக்கு ஆட்டிக் காட்டினாய்.

கடையில் போய் வாங்குகிற காரியமா அது? நம் ஊரில் கார் என்பதே செய்வதுதானே. எங்கோ செத்துப்போன ஜீப்பின் காகிதம், நம்பருக்கு. ஜப்பான் குட்டி லாரியின் எஞ்சின். எண்ணெய் பீப்பாயைப் பிளந்து தட்டி நிமிர்த்திய தகடு. காதர் அண்ணன் அதுவரை பதினோரு ஜீப் கட்டியிருந்தார். ஆனால் இழுத்துக்கொண்டு போவதற்கென்றே ஒரு வண்டியை யாரும் கட்டியதில்லை. எனக்கு அதனால்தான் ஆசை வந்தது. ஜீப்பைப் பார்த்து ஜீப் வரைவது நகல் வேலை. இது என்னுடையதாக இருக்கும்.

எவ்வளவு யோசித்தோம்! பஸ்ஸின் பிரேக் கிழடு, அதனால் காரின் எடை முந்நூறு வீசைக்கு மேல் போகக் கூடாது என்று முதலில் முடிவு செய்தேன். இழுக்கும்போது பின்சக்கரம் சுற்றினால் ஷாஃப்டும் சேர்ந்து சுற்றும், எஞ்சின் ஓடாத நேரத்தில் கியர்பெட்டி எண்ணெயில்லாமல் காய்ந்துவிடும். அதற்காக ஷாஃப்டைக் கழற்றிவிட ஒரு கொண்டி. இழுகம்பிக்கு இரண்டு கை, காரின் முன்பக்கத்தில் அகன்று தொடங்கி பஸ்ஸின் வாலில் ஒன்றாகச் சேரும். கம்பி ஒடிந்தாலும் கார் ஓடிப்போகாமலிருக்க இரண்டு பக்கமும் சங்கிலி. மீனாவின் பால்மாவு டப்பாவில் காரும், உன் செருப்புப் பெட்டியில் பஸ்ஸும் செய்து, ஊக்கால் மாட்டி இந்தத் தரை முழுக்க இழுத்தோமே. மீனா தவழ்ந்து துரத்திக்கொண்டு வந்தாள். திருப்பத்தில் டப்பா உள்பக்கமாக வெட்டி மேசைக்காலில் இடித்தது. "ரோட்டோரமா நிக்கிறவனைச் சாய்ச்சுப்புடும்டீ" என்று முதலில் பார்த்துச் சொன்னது நீதான். நீ வெறும் பேச்சுக்காரி என்று யாராவது சொன்னால் அன்று நான் சண்டைக்குப் போயிருப்பேன்.

கதவு விஷயத்தில்தான் நமக்குள் வாக்குவாதம்.

இந்த ஊரில் வண்டிகள் ரோட்டின் வலப்பக்கம் போகின்றன. ஸ்டியரிங்கும் வலப்பக்கம்தான். ஓட்டுகிறவர் நடைபாதைப் பக்கம் இறங்குவார், பக்கத்தில் இருப்பவர் நடுரோட்டில் இறங்க வேண்டும். பிறந்ததிலிருந்து பார்ப்பதால் யாருக்கும் அது விபரீதமாகத் தெரிவதில்லை. மீனா பிறந்தபிறகு எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு முறை டாக்ஸியில் இறங்கும்போதும், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிரே வரும் பஸ்ஸின் முகத்தில் இறங்கினேன். அதனால் என் காரில் ஒரே கதவு, வலப்பக்கம் மட்டும்.

நீ ஒத்துக்கொள்ளவில்லை. "ஊருலே இருக்குற அத்தனை வண்டிக்கும் ரெண்டு பக்கமும் கதவு. நீ என்னடீ புதுசா?"

"அந்த வண்டியிலெல்லாம் உள்ளே ஆள் இருக்கு. கதவு லொடலொடன்னா காதுலே விழும். இது நூறு மைல் ஆளில்லாம குலுங்கிக்கிட்டே வரும். பூட்டு நழுவினா யாருக்குத் தெரியும்? அப்புறம் ஆள் ஏறிப் போறப்போ, வலப்பக்கம் நழுவினாலும் ஓரத்துலே விழுவாங்க. இடப்பக்கம் நழுவினா நடுரோடு."

"புள்ளை பெத்ததிலேருந்து உனக்கு எல்லாமே விழுந்துரும்னுதான் தோணுது" என்று நீ மீனாவைத் தூக்கி மேலே எறிந்து பிடித்தாய். நான் கத்தினேன். நீ சிரித்தாய். "சரி சரி, ஒரே கதவு. உன் காரு, உன் இஷ்டம்."

உன் காரு. அந்தச் சொல்லை நான் எத்தனை நாள் வைத்துச் சந்தோஷப்பட்டேன் என்று உனக்குத் தெரியாது.

அப்புறம் மீனாவுக்குக் கொசுக்காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள் குழந்தைகள் வார்டில் இருந்தோம். என் வீட்டுக்காரர் கப்பலில். மூன்றாவது நாளிலிருந்து நீ தினமும் வந்தாய், கஞ்சியும் மாற்றுத் துணியும் கொண்டு. என்னைக் கொஞ்சம் தூங்கச் சொல்லிவிட்டு மீனாவுக்கு நனைத்த துணி போட்டாய். இதையும் எழுதத்தான் வேண்டும், நடந்ததுதானே. ஐந்தாவது நாள் வெறும் தாள் ஒன்றையும் கொண்டுவந்தாய். இழுகம்பியின் நீளத்தை மாற்ற வேண்டும், பட்டறையில் வேலை நிற்கிறது என்றாய். கட்டிலோரம் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்துப் பலகையாக வைத்து, கார் முழுவதையும் மறுபடி வரைந்து, கம்பியை ஆறு அங்குலம் நீட்டினேன். அதுதான் இரண்டாவது தாள். வரைந்தது நினைவிருக்கிறது. எந்தக் கோட்டை எப்போது போட்டேன் என்பது நினைவில்லை. இரத்தத்தில் என்னவோ எண்ணிக்கை குறைகிறது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போன நாள் அது.

மீனா வீட்டுக்கு வந்தபிறகும் ஒரு மாதம் நான் எங்கும் போகவில்லை. "வண்டி முடிஞ்சுருச்சுடீ, ஒரு நடை வந்து பாரு" என்று நீ ஒரு முறையாவது சொல்வாய் என்று காத்திருந்தேன். "அவளுக்குத் தெம்பு வரட்டும், வண்டி எங்கே போகுது" என்றாய். வண்டி போய்விட்டது. பகோ, பியே என்று ஊர் ஊராக நூற்றுக்கணக்கான மைல் போய்த் திரும்பியது. நான் என் காரைப் பார்க்கவேயில்லை.

நீ கண்கள் வீங்க வந்து நின்ற அந்த மத்தியானத்துக்கு வருகிறேன். கியாக்தானில் பஸ்ஸை ஊர் எல்லையில் நிறுத்திவிட்டு, காரைக் கழற்றி, தீவுக் கோயிலுக்குப் படகு ஏறும் துறைப்பக்கம் போயிருக்கிறார்கள். ஒரு திருப்பத்தில் இடப்பக்கக் கதவு தானாகத் திறந்துகொண்டது. டோ மியா நடுரோட்டில் விழுந்தார். இடுப்பெலும்பு.

"இடப்பக்கக் கதவா? எனக்குப் புரியலைடீ. இடப்பக்கம் ஏது கதவு?"

நீ என்னை நேராகப் பார்த்தாய். இன்றைக்கும் அந்தப் பார்வையை மறுபடி மறுபடி எடுத்துப் பார்க்கிறேன். அதில் ஒரு தடுமாற்றமாவது இருந்ததா என்று.

"ரெண்டாவது தாள்லே நீதானேடீ போட்டே? உன் கையாலே. ஆஸ்பத்திரியிலே உக்காந்து. மறந்துட்டியா?"

"நான் போடலை. போட்டிருக்க மாட்டேன். தாளைக் காட்டு."

"எண்ணெய் கொட்டி நாறிப்போச்சு, எரிச்சுட்டாங்க. நான் பாத்தேன்டீ. என்னடா இது, வேண்டாம்னவளே போட்டிருக்காளேன்னு நெனச்சேன். சரி, மனசு மாறிட்டே போலன்னு விட்டுட்டேன்." அப்புறம் என் தோளில் கை வைத்தாய். "நீ வேணும்னா செஞ்சே? புள்ளை சாகக் கெடந்துச்சு. உன் புத்தி உன்கிட்டயா இருந்துச்சு அப்போ? ஊ சான்கிட்டே அப்படித்தான் சொல்லியிருக்கேன். பாவம், பிள்ளைக்காரின்னு."

நான் நம்பினேன். ஏன் நம்பினேன் என்று இந்த மூன்று மாதமாக யோசிக்கிறேன். அந்த ஒன்பது நாளும் என் புத்தி என்னிடம் இல்லை என்பது எனக்கே தெரிந்த உண்மை. அந்த வார்டில் எனக்கு நினைவில்லாததையெல்லாம் நினைவு வைத்திருக்கக்கூடிய ஒரே ஆள் நீ. எந்த இடத்தில் எனக்குத் தரை இல்லையோ, சரியாக அந்த இடம் பார்த்து நீ தள்ளிவிட்டாய்.

டோ மியாவுக்கு ஆரஞ்சும் ஒரு மன்னிப்புக் கடிதமும் கொடுத்தனுப்பினேன். நீதான் கொண்டுபோனாய். அதைக் கொடுத்தாயா? அலோனில் பஸ் கட்டும் கம்பெனி ஒன்றில் என்னைப் படம் வரையக் கூப்பிட்டிருந்தார்கள், மீனாவையும் கூட்டிக்கொண்டு வரலாம் என்றார்கள். விஷயம் அங்கேயும் போய்ச் சேர்ந்தது. அவர்கள் மறுபடி கூப்பிடவில்லை, நானும் போய்க் கேட்கவில்லை. பலகையையும் ஸ்கேலையும் பரண்மேல் போட்டேன். என் வீட்டுக்காரர் விடுமுறையில் வந்தபோது, "நல்லதுதான். புள்ளையைப் பாரு" என்றார்.

நான்தான் போட்டேன் என்றால், என் கை எனக்குத் தெரியாமலே எதையும் செய்யும். அதன்பிறகு அடுப்பை அணைத்தேனா என்று படியிறங்கியவள் ஏறிப்போய்ப் பார்த்தேன். மீனாவுக்கு மருந்தை அளந்து ஊற்றிவிட்டு, சந்தேகம் வந்து கொட்டிவிட்டு, மறுபடி அளந்தேன். அவள் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் ஃபெர்ரி வேனில் ஏறியதும் கதவுக் கொண்டியை மூன்று முறை தட்டிப் பார்ப்பேன். டிரைவர் மௌங்கு முதலில் சிரித்தான், பிறகு எரிச்சல்பட்டான், பிறகு பழகிவிட்டான். "அம்மா, மூணு தட்டு ஆச்சு, போலாமா?" என்று மீனாவே கேட்பாள். மற்ற பிள்ளைகள் அவளுக்கு அதையே பட்டப்பெயராக வைத்துக் கூப்பிடுகிறார்கள் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

இதையெல்லாம் நீ பக்கத்தில் இருந்து பார்த்தாய். ஒரு நாள் நான் மருந்தைக் கொட்டியபோது என் கையிலிருந்து பாட்டிலை வாங்கி நீயே அளந்து கொடுத்தாய். "எப்பப் பாரு பயம்" என்று என் தலையில் தட்டினாய். அந்த நேரத்தில், அந்த ஒரு நேரத்திலாவது, உண்மை உன் வாய்வரை வந்ததா?

கடைசியாக உன்னைப் பார்க்க வந்தது. வயிற்றுக் கட்டி உன்னைப் பாதியாக்கியிருந்தது. வருகிறவர்களிடமெல்லாம் நீ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாய், போகும் முன் கேட்டுக்கொள்ளும் உங்கள் வழக்கப்படி. "ஏதாச்சும் தப்புத்தண்டா செஞ்சிருந்தா பொறுத்துக்கங்க." பக்கத்து வீட்டுக்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ என்ன புள்ளே தப்பு செஞ்சே" என்று சொல்லி எழுந்து போனாள். அடுத்து நான். கட்டிலோரம் உட்கார்ந்து உன் கையைப் பிடித்தேன். நீ வாயைத் திறந்தாய். நான் முந்திக்கொண்டேன்.

"நீ என்னைப் பொறுத்துக்கோடீ. என்னாலேதான் பட்டறைக்குக் கெட்ட பேரு. அந்தக் கதவு..."

நீ மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தாய். அப்புறம் என் விரல்களை அழுத்தினாய்.

"உன்னை எப்பவோ பொறுத்துட்டேன்டீ. விடு."

அன்று படியிறங்கும்போது எவ்வளவு லேசாக இருந்தது! நான்கு வருஷத்தில் முதல்முறையாகப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அதற்குப்பின் பதினாறு நாள் இருந்தாய். பேச்சு இருந்தது, நினைவு இருந்தது. எனக்கு இரண்டு தரம் சொல்லி அனுப்பினாய், ஒரு தரம் சுண்டைக்காய் வற்றலுக்கு, ஒரு தரம் சும்மா.

இப்போது தாளைப் பற்றி. இழுகம்பி, சக்கரம், கொண்டி, சங்கிலி, வலப்பக்கக் கதவு எல்லாம் என் கறுப்புப் பென்சில். நடுங்கிய கைதான், ஆனால் என் கை. தாளின் கீழே, காரின் இடப்பக்கத்தில், நீலத்தில் ஒரு கதவு. ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் வால். அருகே பர்மிய எழுத்தில், உன் கையெழுத்தில், "வலப்பக்கம் மாதிரியே இங்கும் வெட்டவும்." நீலம் என்றால் நான் சொன்னது. காதர் அண்ணன் வெட்டினார். அவருக்கு என்ன தெரியும்?

என் கையில் ஒரு பிழையும் இல்லை என்று அறிந்த நிமிஷத்தில் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். நான் எழுந்து போய், அடுப்பை அணைத்திருக்கிறேனா என்று பார்த்தேன்.

போன வாரம் மீனாவைக் கூட்டிக்கொண்டு கியாக்தான் பஸ் ஏறினேன். டோ மியாவின் சொந்த ஊர் அது. பஸ்ஸை விற்றுவிட்டு அவர்கள் அங்கேயே தங்கிவிட்டதாகக் கேள்விப்பட்டிருந்தேன். முற்றத்தில் மாமரத்தடியில் கார் நின்றது, மேலே கோழிகள். நான் வரைந்த மூக்கு, நான் வரைந்த முதுகு, இரண்டு கையாக அகன்ற இழுகம்பி, எல்லாம் அளவு பிசகாமல். நாலரை வருஷத்துக்குப்பின் முதல்முறையாகப் பார்க்கிறேன். தொடாமல் நின்றேன். மீனாதான், "அம்மா, குட்டிக் காரு!" என்று ஓடிப்போய் வலப்பக்கக் கதவைத் திறந்து மூடினாள். ஒரே சத்தத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. இடப்பக்கத்தை வெல்டிங் வைத்து அடைத்திருந்தார்கள். தையல் போட்ட தழும்பு மாதிரி ஒரு செவ்வகம்.

ஊ சான் சந்தைக்குப் போயிருந்தார். டோ மியா கைத்தடியோடு வந்து, பாய் போட்டு உட்காரச் சொன்னார். நான் தாளை விரித்தேன். அவர் நீலக் கோட்டின்மேல் விரலை வைத்தார். பிறகு மகளே என்று பர்மியத்தில் அழைத்து மெதுவாகப் பேசினார்.

"தமீ, இந்தக் கதவைக் கேட்டது நான்தான். எனக்கு முட்டி வலி. வலப்பக்கம் ஏறி, ஸ்டியரிங்குக்கும் கியர்க் கம்பிக்கும் நடுவே நகர்ந்து நகர்ந்து உட்கார முடியுமா சொல்லு? உன் சிநேகிதிகிட்டே சொன்னேன். படம் போடுற பொண்ணு ஒத்துக்க மாட்டா, நான் பார்த்துக்கிறேன்னு சொன்னா."

"என்கிட்டே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"குழந்தை ஆஸ்பத்திரியிலே இருக்கும்போது உன்கிட்டே கதவு கேட்கவா? ஆநா." மற்றவருக்குத் தொந்தரவாகிவிடுமே என்று வாயை மூடிக்கொள்வதற்கு இந்த ஊரார் சொல்லும் சொல். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்க முடியாது. "விழுந்த பிறகு அவ வந்து, நீயே மனசு மாறிப் போட்டுக் கொடுத்தேன்னு சொன்னா. நான் கேட்டதாலே நீ போட்டே, அதனாலே நான் விழுந்தேன்னு நெனச்சேன். உனக்குக் குற்ற உணர்ச்சி வரக் கூடாதுன்னுதான் உன்னைப் பார்க்கவே வரலை."

இத்தனை வருஷம் இரண்டு பெண்கள், ஒருத்தியை ஒருத்தி நோகடிக்கக் கூடாது என்று பேசாமல் இருந்திருக்கிறோம். நடுவில் நீ இருந்தாய்.

அந்த முட்டி வலி எனக்குத் தோன்றாமல் போனது என் பிழை. கைக்குழந்தைக்காரி கைக்குழந்தைக்காரிக்கே கதவு வைத்திருக்கிறேன். நீ என்னிடம் சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன், அரை நாள் முறைத்திருப்பேன், அப்புறம் முன்சீட்டை வாசல் பக்கம் திரும்புகிற மாதிரி செய்திருப்பேன். இல்லாவிட்டால் பின்பக்கம் ஒரு கதவு வைத்திருப்பேன். இழுகம்பி மாட்டுவது முன்பக்கம், பின்பக்கம் காலிதானே. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் பத்து நிமிஷத்தில் எனக்கு அது தோன்றிவிட்டது. பத்து நிமிஷ வேலையடீ. அதைக் கேட்க உனக்கு வாய் வரவில்லை, நான்கு வருஷம் பொய் சொல்ல வந்தது.

பயத்தில் சொல்லியிருப்பாய். ஊ சானுக்குப் பெரிய இடத்துப் பழக்கம், பட்டறையை மூடிவிடுவாரோ, அண்ணனை இழுத்துப் போவார்களோ என்று. அந்த ஒரு மத்தியானப் பொய்யை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. மற்ற மத்தியானங்களைப் புரிந்துகொள்ள முடியவில்லை. மருந்து பாட்டிலை வாங்கிய மத்தியானம். சுண்டைக்காய் வற்றல் கேட்ட மத்தியானம்.

எரித்துவிட்டதாகச் சொன்ன தாளை ஏன் வைத்திருந்தாய்? என்றாவது காட்டலாம் என்றா? எரிக்கத் துணியவில்லையா? மறந்தேபோய்விட்டாயா? அண்ணனிடம் நீ ஒன்றும் சொல்லவில்லை. அதனால் உனக்குச் சாதகமாக எதையும் நானே கற்பித்துக்கொள்ளப் போவதில்லை.

பலகையைப் பரணிலிருந்து இறக்கியிருக்கிறேன். மீனாவின் ஃபெர்ரி வேனுக்கும் கதவு நடுரோட்டுப் பக்கம்தான் இருக்கிறது. அதை வலப்பக்கம் மாற்ற ஒரு படம் போட்டு மௌங்கிடம் காட்டினேன். முதலாளியிடம் கேட்கிறேன் என்றான். இன்று காலை அவள் ஏறியதும் கொண்டியை ஒரு முறை தட்டினேன். அவள் மற்ற இரண்டுக்காகக் காத்திருந்தாள். நான் கையை எடுத்துவிட்டேன்.

தாளைச் சுருட்டி வைத்துவிட்டேன். நாப்தலின் வாசனை இன்னும் போகவில்லை. உன் படுக்கையோரம் உட்கார்ந்து நான் வாங்கிக்கொண்டு வந்த மன்னிப்பும் என்னிடமே இருக்கிறது. அது எனக்கு உரியதல்ல, அன்று நீ கேட்டு வாங்கியிருக்க வேண்டியது. திருப்பிக் கொடுக்க ஆள் இல்லை, நானாக உனக்குக் கொடுக்க இன்னும் மனம் வரவில்லை. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல், மாடிப்படி ஏறும்போதும் இறங்கும்போதும் தூக்கிக்கொண்டே நடக்கிறேன்.